கிழிந்த நோட்டு, செல்லரித்த நோட்டு: நெல்லையில் மாற்றுவது எப்படி

"இது போகாதுல்லா, வேற தாங்க" என்று கடைக்காரர் நோட்டைத் திருப்பித் தருகிறார். பஸ்ஸில் கண்டக்டரும் அதையே சொல்கிறார். நோட்டு பர்ஸின் கடைசி அறைக்குப் போகிறது. பிறகு ஒருநாள், கமிஷன் பிடித்துக்கொண்டு மாற்றித் தரும் ஆளின் கைக்குப் போகிறது. நூறுக்கு எண்பது கிடைத்தால் போதும் என்று வாங்கி வருகிறோம். அந்த இருபது ரூபாயை இழக்க வேண்டியதே இல்லை. நோட்டு போகுமா போகாதா என்று தீர்ப்புச் சொல்வது கடைக்காரரின் வேலையும் இல்லை, கமிஷன்காரரின் வேலையும் இல்லை. அதற்கு ரிசர்வ் வங்கி சதுர சென்டிமீட்டர் கணக்கில் விதி எழுதி வைத்திருக்கிறது. வீட்டில் ஒரு ஸ்கேலும் ஒரு கிராஃப் தாளும் இருந்தால், வங்கி வாசலை மிதிக்கும் முன்பே எவ்வளவு கிடைக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுவிடலாம்.

நோட்டு யார் பட்ட கடன்?

1934ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டப்படி, நாட்டில் நோட்டு வெளியிடும் உரிமை அந்த வங்கி ஒன்றுக்குத்தான். ஒரு ரூபாய் நோட்டு மட்டும் விலக்கு. அது மத்திய அரசு வெளியிடுவது, நிதித்துறைச் செயலாளர் கையெழுத்தோடு வரும். மற்ற எல்லா நோட்டிலும் இத்தனை ரூபாய் தருவதாக கவர்னர் வாக்குக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதாவது உங்கள் கையில் இருக்கும் ஐந்நூறு ரூபாய், ரிசர்வ் வங்கி உங்களிடம் பட்ட கடன். கடன் பத்திரம் கிழிந்துவிட்டால் கடனே தீர்ந்துபோகுமா? போகாது. ஆனால் பத்திரத்தில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று கடன்பட்டவர் பார்ப்பார். அந்தப் பார்வைக்கான விதிதான் 2009ஆம் ஆண்டின் நோட்டுப் பணம் திரும்பத் தரும் விதிகள். 2018 செப்டம்பரில் அவை திருத்தப்பட்டன. 2016 நவம்பர் முதல் வந்த புதிய வரிசை நோட்டுகள் பழையவற்றைவிடச் சிறியவை என்பதால் அளவுகளைப் புதிதாக எழுத வேண்டி வந்தது.

இந்த வேலைக்காக ரிசர்வ் வங்கி அலுவலகத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ வள்ளியூரிலோ உங்கள் தெருமுனையில் இருக்கும் வங்கிக் கிளைக்கே இந்த அதிகாரம் கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கிளையில் உங்களுக்குக் கணக்கு இருக்க வேண்டும் என்பதும் இல்லை. சிறு நிதி வங்கிகளும் பேமென்ட் வங்கிகளும் மட்டும் விரும்பினால் மாற்றித் தரலாம், கட்டாயமில்லை.

முதலில் நோட்டைப் பிரித்துப் பாருங்கள்

வங்கியில் எல்லாக் கிழிசலையும் ஒரே கணக்கில் சேர்க்க மாட்டார்கள். புழங்கிப் புழங்கி அழுக்கேறி நைந்த நோட்டு ஒரு வகை. இரண்டாகக் கிழிந்து, இரண்டு துண்டும் ஒரே நோட்டுடையதாக, ஒன்றும் குறையாமல் சேர்ந்தால் முழு நோட்டாக இருப்பதும் இதே வகைதான். இதற்கு அளக்க வேண்டிய தேவையே இல்லை, முழுப் பணம். ஒரு நாளில் ஒருவர் 20 நோட்டு வரை, மதிப்பு 5,000 ரூபாய்க்குள் இருந்தால், கவுன்டரிலேயே கட்டணம் இல்லாமல் மாற்றித் தர வேண்டும். அதற்கு மேல் போனால் ரசீது கொடுத்து வாங்கிக்கொண்டு பின்னர் கணக்கில் வரவு வைக்கலாம், கட்டணமும் கேட்கலாம். ஆகையால் கையில் 35 அழுக்கு நோட்டு இருந்தால் இரண்டு நாளாகப் பிரித்துக் கொண்டுபோவது உத்தமம்.

ஒரு பகுதி காணாமல் போனது, அல்லது இரண்டுக்கு மேற்பட்ட துண்டாகிப்போனது அடுத்த வகை. அளவுகோல் இதற்குத்தான். வேட்டியோடு துவைபட்டு வெளுத்தது, சுருங்கியது, எழுத்து அழிந்தது மூன்றாவது வகை. அது அசல் நோட்டு என்று அதிகாரிக்குத் தெரிகிற அளவுக்கு அச்சு மிஞ்சியிருக்க வேண்டும்.

இரண்டாகக் கிழிந்த நோட்டில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். புதிய வரிசை நோட்டில் மேல் இடது பக்கம் ஒரு முறையும் கீழ் வலது பக்கம் ஒரு முறையும் எண் அச்சாகியிருக்கும். நடுவில் கிழிந்தால் துண்டுக்கொரு எண் கிடைக்கும். இரண்டும் ஒன்றுதானா என்று எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். கல்லாவில் ஒரே நாளில் இரண்டு நோட்டு கிழிந்து, துண்டுகள் மாறி ஒட்டப்படுவது உண்டு. அப்படி ஒட்டிய நோட்டை வங்கி ஏற்காது, வேண்டுமென்றே செய்ததாகவும் நினைக்க இடமிருக்கிறது. பழுப்பு டேப்பும் கோந்தும் வேண்டவே வேண்டாம். எண்ணும், நோட்டுக்குள் ஓடும் பாதுகாப்பு நூலும் டேப்புக்கு அடியில் மறைந்துவிட்டால் பார்க்கிறவருக்குச் சந்தேகம்தான் வரும். துண்டுகளை ஒரு கவரில் போட்டு அப்படியே கொண்டுபோங்கள்.

அளக்கும் முறை

விதியின் சாரம் இதுதான். 50 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டில், மிஞ்சியிருக்கும் ஆகப் பெரிய ஒரே துண்டு மொத்தப் பரப்பில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழுப் பணம். 40 முதல் 80 சதவீதம் வரை என்றால் பாதிப் பணம். 40க்குக் கீழே போனால் ஒன்றும் இல்லை. 20 ரூபாயும் அதற்குக் கீழும் உள்ள நோட்டில் பாதிப் பணம் என்ற பேச்சே கிடையாது. ஆகப் பெரிய துண்டு 50 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழுசும் உண்டு, இல்லையென்றால் இல்லை.

பலரும் தடுக்கி விழுவது 'ஆகப் பெரிய ஒரே துண்டு' என்ற இடத்தில்தான். நாலு துண்டைக் கூட்டி 85 சதவீதம் காட்டுவதில் பயனில்லை. ஒரு துண்டு தனியாக நின்று அந்த அளவைத் தொட வேண்டும். அதனால் நோட்டு பாதி கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தால் அதைப் பிய்த்துவிடாதீர்கள். நூலளவு ஒட்டிக்கொண்டிருக்கும் வரை அது ஒரே துண்டு.

புதிய வரிசை 500 ரூபாய் நோட்டின் நீளம் 15 செ.மீ., அகலம் 6.6 செ.மீ. பரப்பு 99 சதுர செ.மீ. முழுப் பணத்துக்கு 80, பாதிக்கு 40 சதுர செ.மீ. வேண்டும். 200 ரூபாய்க்கு 78, 39. புதிய ஊதா நிற 100 ரூபாய்க்கு 75, 38. புதிய 50க்கு 72, 36. பழைய பெரிய 100 ரூபாய் 15.7க்கு 7.3 செ.மீ. என்பதால் அதற்கு 92, 46. புதிய 20க்கு 41, புதிய 10க்கு 39 சதுர செ.மீ. இருந்தால் முழுப் பணம்.

ஒரு ஓரம் நேராகக் கிழிந்து போயிருந்தால் ஸ்கேல் ஒன்றே போதும், அகலம் முழுதாக இருக்கிறதல்லவா, நீளத்தை மட்டும் பாருங்கள். 500 ரூபாயில் 12.2 செ.மீ. மிஞ்சியிருந்தால் முழுசு, 6.1 இருந்தால் பாதி. 200க்கு 11.9, 6. புதிய 100க்கு 11.4, 5.8. புதிய 10 ரூபாய்க்கு 6.2 செ.மீ. போதும்.

செல்லரித்த நோட்டுக்கு ஸ்கேல் உதவாது. சுவரோரம் வைத்த மரப்பெட்டி, பரணில் கிடக்கும் தகரப்பெட்டி, அரிசிப் பானைக்கு அடியில் மடித்து வைத்த சுருக்குப்பை, இவற்றிலிருந்து வரும் நோட்டுகளின் ஓரம் கடல் அலைபோல வளைந்து வளைந்து போயிருக்கும். நடுவில் ஓட்டையும் இருக்கும். இங்கே மிஞ்சியதை எண்ணுவதைவிடத் தின்றுபோனதை எண்ணுவது சுலபம். பள்ளிப் பிள்ளைகளின் கிராஃப் தாளில் 15க்கு 6.6 செ.மீ. கட்டம் ஒன்று போட்டு, அதன் மேல் நோட்டை மூலை பொருந்த வையுங்கள். கூர்மையான பென்சிலால் செல் தின்ற கோட்டைச் சுற்றி வரையுங்கள். நடு ஓட்டைகளையும் விட்டுவிடாதீர்கள். நோட்டை எடுத்தபின், தின்றுபோன பகுதிக்குள் முழுதாக விழுந்த ஒரு செ.மீ. கட்டங்களை எண்ணுங்கள். அரைகுறையாக விழுந்தவற்றை இரண்டுக்கு ஒன்றாகக் கொள்ளுங்கள். முழுக் கட்டம் 14, அரைகுறை 8 என்று வந்தால் இழந்தது 18. 99இல் 18 போனால் 81. அது முழு ஐந்நூறு ரூபாய். இழப்பு 19ஐத் தாண்டினால் பாதி, 59ஐத் தாண்டினால் ஒன்றுமில்லை. புதிய 100 ரூபாயில் இந்த எல்லைகள் 18, 55. 200இல் 18, 57. எல்லைக்கு அருகே வந்தால் மட்டும் ஒரு சதுர செ.மீ.க்குள் இருக்கும் நூறு சின்னக் கட்டங்களை எண்ண வேண்டியிருக்கும். கண் வலிக்கும் வேலைதான், ஆனால் அதில் 250 ரூபாய் தங்கியிருக்கிறது.

அந்தத் தாளை அப்படியே வங்கிக்கு எடுத்துப் போங்கள். உங்கள் கணக்கு அவர்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் கட்டம் போட்டு எண்ணிவந்த ஆளிடம் யாரும் எடுத்தவுடன் "போகாது" என்று சொல்லிவிட முடியாது.

கவுன்டரில்

பகுதி போன நோட்டு 5 வரை இருந்தால், சாதாரணக் கிளையே அளந்து பார்த்துப் பணம் தர வேண்டும். அவர்களால் முடிவு செய்ய முடியாவிட்டால் ரசீது கொடுத்து வாங்கி, தங்களோடு இணைந்த கரன்சி செஸ்ட் (ரிசர்வ் வங்கியின் நோட்டு இருப்பு) உள்ள கிளைக்கு அனுப்புவார்கள். பணம் எப்போது கிடைக்கும் என்று ரசீதிலேயே தேதி இருக்க வேண்டும், அது 30 நாளைத் தாண்டக் கூடாது. 5 நோட்டுக்கு மேல், மதிப்பு 5,000 ரூபாய்க்குள் என்றால் நேரே கரன்சி செஸ்ட் கிளைக்குப் போகலாம். இல்லையெனில் கணக்கு எண், கிளைப் பெயர், ஐஎஃப்எஸ்சி குறியீடு எழுதி அந்தக் கிளைக்கு இன்சூர்டு தபாலில் அனுப்பலாம். 5,000க்கு மேல் போனால் கரன்சி செஸ்ட் கிளைக்குத்தான் போக வேண்டும்.

கரன்சி செஸ்ட் என்பது ஏதோ பெரிய லாக்கர் அறை அல்ல. வங்கிக் கட்டடத்துக்குள் இருந்தாலும் அதில் கிடக்கும் நோட்டு ரிசர்வ் வங்கியின் சொத்து. புது நோட்டு ஊருக்குள் வருவதும், நைந்தது வெளியேறுவதும் அந்த வழியாகத்தான். எந்தக் கிளையில் செஸ்ட் இருக்கிறது என்று உங்கள் கிளை மேலாளரிடமே கேட்டுவிட்டுப் போனால் ஒரு அலைச்சல் மிச்சம்.

எதை வாங்க மாட்டார்கள்?

வேண்டுமென்றே வெட்டியது, கிழித்தது, திருத்தியது போகாது. அரசியல் வாசகமோ மத வாசகமோ எழுதிய நோட்டும் ஒருவருக்கு விளம்பரமாக எழுதியதும் மதிப்பை இழந்துவிடும். தேர்தல் காலத்தில் இது நிறைய நடக்கிறது. அதே சமயம் யாரோ பேனாவால் கூட்டல் கணக்குப் போட்ட நோட்டை, பெயர் கிறுக்கிய நோட்டை "செல்லாது" என்று ஒதுக்குவது தவறு. அது செல்லும். அழுக்கு நோட்டாகக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

கல்யாண வீட்டு நோட்டு மாலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மாப்பிள்ளை கழுத்திலும் கொடை விழாவில் அம்மன் மேலும் பத்து ரூபாய்களைக் கோக்கிறோம். ஸ்டேப்ளர் பின் ஒவ்வொன்றும் ஒரு கிழிசலுக்கு ஆரம்பம். நோட்டுக்கட்டில் பின் அடிப்பதை வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2001லேயே தடுத்துவிட்டது. மாலை கட்டாதீர்கள் என்று நம்மிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறது. மொய்ப் பணத்தைக் கவரில் வைத்தால் என்ன குறைந்துவிடப் போகிறது?

நனைந்ததும் கரிந்ததும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது ஜங்ஷன் பக்கத்துக் கடைகளின் கல்லாப் பெட்டியெல்லாம் தண்ணீரில் மூழ்கியது. நனைந்த நோட்டில் பாதிச் சேதம் தண்ணீரால் வருவது, மீதிச் சேதம் அவசரத்தால் வருவது. நம் நோட்டு பருத்தி நாரால் ஆனது, தண்ணீரில் கரையாது. சேறு இருந்தால் ஒரு தட்டில் நல்ல தண்ணீர் ஊற்றி அலசுங்கள், தேய்க்காதீர்கள். சோப்பு வேண்டாம், மை வெளுக்கும். பத்தமடைப் பாயிலோ பழைய வேட்டியிலோ ஒவ்வொன்றாகப் பரப்பி நிழலில் உலர விடுங்கள். அயர்ன் பெட்டி வைத்தால் உள்ளிருக்கும் பாதுகாப்பு நூல் சுருங்கி நோட்டையும் இழுத்துக்கொள்ளும்.

கட்டாக ஒட்டிப்போனவற்றைப் பிய்க்காதீர்கள். ஓரத்தை விரலால் லேசாகத் தட்டிப் பாருங்கள், தானாகப் பிரிந்தால் சரி. பிரியாவிட்டால் அப்படியே விடுங்கள். பிரிக்கவே முடியாமல் ஒட்டியது, தீயில் கரிந்தது, தொட்டால் பொடியாகும் நோட்டு, இவற்றைக் கிளைகள் வாங்க மாட்டார்கள். ரிசர்வ் வங்கியின் வெளியீட்டு அலுவலகத்தில் தனி முறையில் ஆராய்வார்கள்.

இங்கே நெல்லைக்காரர்கள் பலருக்கும் தோன்றாத ஒன்று உண்டு. வெளியீட்டு அலுவலகம் என்றதும் 600 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் சென்னை ராஜாஜி சாலைதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் நாடெங்கும் உள்ள 19 வெளியீட்டு அலுவலகங்களில் திருவனந்தபுரமும் ஒன்று. பேக்கரி ஜங்ஷனில் இருக்கிறது. வள்ளியூர், நாகர்கோவில் வழியாக ரயிலில் சுமார் 150 கிலோமீட்டர், காலையில் கிளம்பினால் அன்றே திரும்பிவிடலாம். கரிந்த நோட்டை இரண்டு அடுக்குப் பஞ்சுக்கு நடுவே, ஆடாமல் அசையாமல் ஒரு அகலமான டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை நோட்டு, என்ன மதிப்பு, எப்படிச் சேதமானது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அடையாள அட்டையும் வங்கிப் பாஸ்புக் முதல் பக்க நகலும் கையில் இருக்கட்டும்.

பழைய நோட்டுகள்

2023 மே 19இல் 2,000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. சாதாரணக் கிளைகளில் வாங்குவது அந்த ஆண்டு அக்டோபர் 7ஓடு நின்றது. நோட்டு இன்னும் செல்லும், ஆனால் மேலே சொன்ன 19 அலுவலகங்கள்தான் வாங்கும். ஒரு முறைக்கு 20,000 ரூபாய் வரை மாற்றலாம். எந்தத் தபால் நிலையத்திலிருந்தும் அனுப்பி வங்கிக் கணக்கில் வரவு வைக்கச் சொல்லலாம்.

2016 நவம்பர் 8இல் ஒழித்த பழைய 500, 1,000 ரூபாய் நோட்டுகளுக்கு எந்த இடத்திலும் பணம் கிடையாது. பாட்டி பெட்டியிலிருந்து கட்டாக வந்தாலும் இதுதான் நிலை. 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துக்கு மேல் வைத்திருப்பதே அபராதத்துக்கு உரியது. மாற்றித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவர் ஏமாற்றுகிறார், வேறு விளக்கமே கிடையாது.

பின்பக்கம் ஆண்டு அச்சிடாத, 2005க்கு முந்தைய பழைய நூறு ரூபாய் மட்டும் வேறு கதை. அது செல்லும்.

கள்ள நோட்டு கலந்திருந்தால்

மேலப்பாளையம் மாட்டுச்சந்தை மாதிரி விடிகாலையில் கட்டுக்கட்டாகக் கைமாறும் இடத்தில் 500ஐத் தடவிப் பார்க்காமல் வாங்காதீர்கள். சாய்த்தால் பாதுகாப்பு நூல் பச்சையிலிருந்து நீலமாக மாற வேண்டும். இடமும் வலமும் ஓரத்தில் ஐந்து கோடுகள் விரலுக்கு மேடாகத் தட்டுப்பட வேண்டும். எண்ணின் இலக்கங்கள் இடமிருந்து வலமாகப் பெரிதாகிக்கொண்டே போக வேண்டும்.

வங்கியில் கண்டுபிடித்துவிட்டால் அந்த நோட்டு திரும்பாது, பணமும் கிடைக்காது. முத்திரை குத்தி எடுத்துக்கொண்டு ஒப்புகைச் சீட்டுத் தருவார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள். ஒரே தடவையில் 4 வரை இருந்தால் வங்கி மாத அறிக்கையில் சேர்த்துக் காவல்துறைக்கு அனுப்பும். 5 ஆகிவிட்டால் உடனே முதல் தகவல் அறிக்கைக்குப் போகும். கள்ள நோட்டு என்று தெரிந்தபின் இருட்டில் யார் தலையிலாவது கட்டிவிட நினைப்பது, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 179ஆம் பிரிவின்படி கடும் தண்டனைக்குரிய குற்றம்.

பத்து ரூபாய் நாணயம்

நம் பக்கம் இந்த நாணயம் படும் பாடு கொஞ்சமல்ல. ரூபாய்க் குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், எந்த வடிவமாக இருந்தாலும் செல்லும். 14 வடிவங்கள் உண்டு என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே விளக்கியது. 50 பைசாவும் செல்லும், 25 பைசாவும் அதற்குக் கீழும்தான் 2011 ஜூன் 30ஓடு போயின. ஒரே கொடுக்கல் வாங்கலில் 1,000 ரூபாய் வரை ஒரு ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட நாணயமாகக் கொடுத்தால் அது சட்டப்படியான பணம். பெட்டிக்கடைக்காரர்கள் வங்கிக்குக் கொண்டுபோகும்போது வகை பிரித்து, நூறு நூறாகப் பாலித்தீன் பையில் கட்டிக் கொடுத்தால் காசாளருக்கு எண்ணும் சிரமம் குறையும், மறுக்கவும் காரணம் இருக்காது.

"மாற்ற முடியாது" என்றால்

கவுன்டரில் சத்தம் போடாதீர்கள். அங்கே இருப்பவருக்கு இந்த விதி சொல்லித் தரப்படாமல் இருக்கலாம். மேலாளரிடம் போய், மறுப்பதற்கான காரணத்தை எழுதித் தரக் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே வேலை முடிந்துவிடும். முடியாவிட்டால் அந்த வங்கிக்கே எழுத்தில் புகார் கொடுத்து, தேதியுடன் ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் சரியில்லாவிட்டாலோ, 2021 நவம்பரில் தொடங்கிய ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தில் ரிசர்வ் வங்கியின் புகார் இணையதளம் வழியாக முறையிடலாம், கட்டணம் இல்லை. எப்படி என்று கேட்க 14448 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். முதலில் வங்கியிடம் கொடுத்த புகாரின் நகல் இல்லாமல் போனால் அங்கே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நோட்டின் இரு பக்கப் படம், எண், எந்தக் கிளை, எந்தத் தேதி, யாரிடம் கேட்டீர்கள் என்ற விவரங்களை அன்றே எழுதி அந்தக் கிராஃப் தாளோடு சேர்த்து வையுங்கள்.